காட்டும் கருவியும் காணும் உயிரும்

ஒரு பொருளை நேரே கண்டறிவதும், வேறொன்று காட்ட அதனை அறிவதும் ஒரே வகை அறிவுதானா என்ற கேள்வி இந்திய மெய்யியலில் மிகப் பழையது. அறிவு எந்த வாயிலாக வருகிறது, அந்த வாயிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராயும் துறையை வடநூலார் பிரமாணம் என்றும் தமிழ் நூலார் அளவை என்றும் வழங்கினர். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, இறையையும் உயிரையும் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே அளவையை வகுத்துக்கொண்டார். பல்வேறு சமயத்தார் கூறிய அளவைகள் யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் முடிபு. காண்டல் என்பது நேர்க்காட்சி. கருதல் என்பது புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போன்ற அனுமானம். உரை என்பது நம்பத்தக்கோர் சொல். இந்த மூன்றில் எதனுள் அடங்கும் என்று எளிதில் சொல்ல முடியாத ஒரு கருவி இன்று மும்பையின் நடுத்தரக் குடும்பங்களில் புழங்கத் தொடங்கியிருக்கிறது. வடாலாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் அதிகாலையில் சிவ்ரிச் சேற்றுவெளியில் பூநாரைகளைப் படம்பிடிக்கவும், அன்று மாலையே வீட்டில் குழந்தையின் பிறந்தநாளைப் படம்பிடிக்கவும் பயன்படுத்துகிற மிரர்லெஸ் கேமராவே அது. எதை வாங்குவது, எப்படிக் கையாள்வது என்னும் கடைத்தெருக் கேள்விகளுக்கு அடியில், காண்பது என்றால் என்ன, காணப்படும் உயிருக்குக் காண்பவர் எதற்குக் கடமைப்பட்டவர் என்னும் கேள்விகள் இருக்கின்றன. பின்னவற்றுக்கு விடை தேடாமல் முன்னவற்றுக்குச் சொல்லப்படும் விடைகள் வெறும் விலைப்பட்டியலாகவே நின்றுவிடும்.

பெயர் குறிப்பது போல, இந்தக் கேமராவின் உள்ளே கண்ணாடி கிடையாது. இதற்கு முன் நெடுங்காலம் வழக்கிலிருந்த எஸ்.எல்.ஆர். வகையில், லென்ஸ் வழியே வந்த ஒளி 45 பாகைச் சாய்வில் நின்ற கண்ணாடியில் பட்டு மேலேறி, ஐங்கோணப் பட்டகம் ஒன்றினுள் திரும்பி, எடுப்பவரின் கண்ணை வந்தடைந்தது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழ, பின்னாலிருந்த ஃபிலிமிலோ சென்சாரிலோ ஒளி விழுந்தது. 2008இல் பானசோனிக் லூமிக்ஸ் ஜி1 வெளிவந்தபோது அந்தக் கண்ணாடி நீக்கப்பட்டது. ஒளி நேரே சென்சாரில் விழ, செயலி அதைப் படமாக்கிக் கண்ணருகே உள்ள சிறு திரையில் காட்டும் முறை அதனிடத்தைப் பிடித்தது. 2013இல் சோனி ஏ7, 36க்கு 24 மி.மீ. அளவுள்ள முழுச் சட்டகச் சென்சாருடன் வந்தது. 2018இல் கேனனும் நிக்கானும் முழுச் சட்டக மிரர்லெஸுக்குத் திரும்பின. 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் இயந்திர ஷட்டரே இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தொழில்முறைக் கலைஞர்களும் குடும்பங்களும் ஒருங்கே இந்த வகைக்கு மாறிவிட்டனர்.

பழைய கேமராவில் கண் வைத்தவர், பறவையின் மேல் பட்டுத் திரும்பிய அதே ஒளியைப் பெற்றார். புதிய கேமராவில் அந்த ஒளி சென்சாரோடு முடிந்துவிடுகிறது. கண்ணுக்கு வருவது திரை உண்டாக்கிய வேறொரு ஒளி. கௌதமரின் நியாய சூத்திரம், புலனும் பொருளும் கூடுவதால் பிறக்கும் அறிவையே நேர்க்காட்சி என்று வரையறுக்கிறது. கண்ணின் கதிர் வெளியே சென்று பொருளைத் தொடுகிறது என்றுகூட நியாய மரபினர் கொண்டனர். ஒளி செல்லும் திசையை இயற்பியல் மாற்றிச் சொல்லிவிட்டாலும், கூட்டுறவு இன்றிக் காட்சி இல்லை என்ற அடிப்படை அசையவில்லை. அந்த அளவுகோலின்படி கண்ணாடிக் கேமராவில் நிகழ்வது காண்டல், மிரர்லெஸ் கேமராவில் நிகழ்வது கருதல், அதாவது திரையில் உள்ள உருவை அடையாளமாகக் கொண்டு வெளியே உள்ள பறவையை உணர்தல், என்று வழக்கை முடித்துவிடத் தோன்றும். ஆனால் வழக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. கண்ணாடி மேலெழும் அந்தக் கணத்தில் எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டர் இருண்டுவிடும்; எனவே அதைப் பயன்படுத்தியவர் பறவையின் எல்லாக் கணங்களையும் நேரே கண்டார், படத்தில் பதிந்த கணம் ஒன்றைத் தவிர. அடுக்குச் சென்சார் கொண்ட இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் அந்த இருள் இல்லை. பதிந்த கணத்தையே எடுப்பவர் காண்கிறார், ஆனால் உருவாகக் காண்கிறார். நேரே கண்டவருக்குப் பதிவுக்கணம் மறைந்தது, பதிவுக்கணத்தைக் காண்பவருக்கு நேர்க்காட்சி மறைந்தது. கருவி மாறும்போது மறைவு இடம் மாறுகிறதேயன்றி நீங்குவதில்லை. இதை ஒப்புக்கொள்வதே எந்தக் கேமராவையும் கையிலெடுப்பதற்கான முதல் தகுதி.

ஹார்பர் ரயில் பாதையில் வடாலா ரோடு நிலையத்துக்கு அடுத்தது சிவ்ரி. அங்கிருந்து துறைமுக நிலங்களின் ஊடாகப் பழைய படகுத்துறையை அடைந்தால், ஓதம் வற்றும் வேளையில் கண்டல் மரங்களுக்கு அப்பால் சேற்றுவெளி விரிகிறது. எதிர்க்கரையில் மாஹுல் எண்ணெய் ஆலைகளின் புகைபோக்கிகள் நிற்கின்றன. நவம்பர் தொடங்கி மே வரை பெரும் பூநாரை, சிறு பூநாரை ஆகிய இரு இனங்களும் இங்கே மேய்கின்றன. நுண்பாசிகளை வடிகட்டி உண்பதால் கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமியே அவற்றின் இறகுக்குச் செம்மை தருகிறது. சற்று வடக்கே உள்ள தாணே கழிமுகம் 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. சிவ்ரியிலிருந்து புறப்படும் 21.8 கி.மீ. நீள அடல் சேது கடற்பாலம் 2024 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பிறகு, பறவைகளின் மேய்ச்சல் வெளிக்கு மேலாகவே வாகனங்கள் ஓடுகின்றன. இந்த இடத்தில் கேமரா பிடிப்பவர் எதிர்கொள்ளும் இடர்கள், அளவை நூலார் வகுத்த காட்சிப் பிழைகளோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகின்றன. ஐயமும் திரிபும் இன்றி, பெயர் முதலிய கற்பனைகள் கலப்பதற்கு முன் நிகழும் அறிவே குற்றமற்ற காட்சி என்பது சித்தியாரின் கருத்து.

திரிபு என்பது ஒன்றை வேறொன்றாகக் காண்பது. நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் இதற்குக் காட்டும் சான்று கானல்: கோடையில் சூரியக் கதிர்கள் நிலத்தின் வெம்மையோடு கலந்து அசையும்போது, தொலைவில் நிற்பவரின் கண்ணுக்கு அவை நீராகத் தோன்றுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் சிவ்ரிச் சேற்றின் மீது அதே வெப்ப அலைதான் எழுகிறது. அதன் ஊடாக 600 மி.மீ. லென்ஸ் கொண்டு எடுத்த படத்தில் பறவையின் கழுத்து நெளிந்து, கண் கரைந்து போயிருக்கும். இடையில் நிற்கும் காற்றே குற்றமுடையது என்பதால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சீராக்காது. விடியற்காலையில் செல்வதும், ஓதம் பறவைகளைத் துறையின் அருகே கொண்டுவரும் நேரத்தைக் கணித்துக் காத்திருப்பதுமே மருந்து. துறை கிழக்கு நோக்கியது ஆதலால் காலைச் சூரியன் எதிரே இருக்கும். ஒளி முதுகுப்புறமிருந்து விழ வேண்டுமானால் பிற்பகலில் ஓதம் பொருந்தும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயந்திரத்தின் திரிபும் ஒன்று உண்டு. விலை குறைந்த மிரர்லெஸ் கேமராக்களின் மின்னணு ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால், வாசித்து முடிப்பதற்குள் அசைந்துவிட்ட சிறகு வளைந்ததாகப் பதிகிறது. உலகில் எந்தப் பறவைக்கும் இல்லாத ஒரு சிறகு அது. எனவே அவ்வகைக் கேமராவில் பறக்கும் பறவைக்கு இயந்திர ஷட்டரையே பயன்படுத்த வேண்டும் என்பது வெறும் தொழில்நுட்பக் குறிப்பன்று; பொய்க்காட்சியை விலக்கும் நெறியாகவே அதைக் கொள்ளலாம்.

ஐயம் என்பது இதுவோ அதுவோ என்று துணிய முடியாத நிலை. தொலைவில் எழுவது புகையா புழுதியா என்று அறியாதவனை வாத்ஸ்யாயனரே எடுத்துக்காட்டுகிறார். கருஞ்சிவப்பு அலகுடைய சிறு பூநாரையையும், நுனி மட்டும் கறுத்த இளஞ்சிவப்பு அலகுடைய பெரும் பூநாரையையும் வெறுங்கண்ணால் தொலைவிலிருந்து பிரித்தறிவது கடினம். இங்கேதான் நீண்ட குவியத்தொலைவுள்ள லென்ஸ் உண்மையான உதவி புரிகிறது. முழுச் சட்டகத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 400 மி.மீ. லென்ஸ், ஏறத்தாழ 600 மி.மீ. அளவுக்கு ஒப்பான குறுகிய கோணத்தைத் தருகிறது. 635 கிராம் எடையுள்ள கேனன் ஆர்எஃப் 100-400 லென்ஸை ஆர்10 அல்லது ஆர்7 கேமராவில் பொருத்தினாலும், சோனியின் 70-350 லென்ஸை ஏ6700இல் பொருத்தினாலும், ஹார்பர் ரயிலின் காலை நெரிசலில் தோளில் சுமக்கத்தக்க கருவி கிடைக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள சோனி 200-600 போன்ற லென்ஸ்கள் தரும் நுட்பம் கூடுதலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எடையால் வீட்டிலேயே தங்கிவிடும் லென்ஸ் எந்தப் பறவையையும் காட்டுவதில்லை. மழைக்காலத்து ஈரத்தில் மும்பை வீடுகளின் லென்ஸ்களில் பூஞ்சை படர்வது வழக்கம். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வாங்கத் தனியே பணம் ஒதுக்க வேண்டும். நீண்ட லென்ஸின் சிறப்பு, உருவைப் பெரிதாக்குவதைவிட, பறவைக்கு உரிய தொலைவை விட்டுவைப்பதில் இருக்கிறது. மேயும் பறவை தலையை நிமிர்த்திப் பார்க்குமானால், கூட்டம் ஒருசேர நகரத் தொடங்குமானால், காண்பவர் ஏற்கெனவே அளவு மீறி நெருங்கிவிட்டார் என்றே பொருள்.

மூன்றாவது இடர் முன்னிரண்டைவிட நுட்பமானது, புதியதும்கூட. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையை விளக்கும்போது, சுட்டுணர்வு, கருத்தளவு என்ற இரண்டை மட்டுமே ஏற்கிறார். இவற்றுள் சுட்டுணர்வு என்பது பெயர், சாதி, குணம், செயல் முதலியவை ஏறுவதற்கு முன் பொருளை உள்ளவாறு தொடும் அறிவு. காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் பௌத்த அளவையியலார் திக்நாகரின் கொள்கையும் இதுவே: கற்பனை கலவாததே காட்சி. கற்பனை என்றது இங்கே பொய்யைக் குறிப்பதன்று; ‘இது பறவை’, ‘இது சிவந்தது’ என்று மனம் இனம் சேர்க்கும் செயலைக் குறிப்பது. திக்நாகர் காலம் தொட்டு அந்தச் செயல் காண்பவரின் மனத்தில் நிகழ்வதாகவே எல்லாரும் கொண்டனர். இன்றைய மிரர்லெஸ் கேமராவில் அது கருவியினுள்ளேயே நிகழ்கிறது. எண்ணற்ற படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட செயலி, மனிதர், விலங்கு, பறவை, வாகனம் என்று சாதிகளை வகுத்து வைத்திருக்கிறது. திரையில் ஓர் உருவம் தோன்றியவுடன் அதன் சாதியைத் துணிந்து, கண் இருக்கும் இடத்தைத் தேடி, அங்கே ஒரு சிறு கட்டத்தை வரைந்து, குவியத்தை நிறுத்திவிடுகிறது. காண்பவர் இன்னதென்று உணருமுன் கருவி பெயரிட்டு முடித்திருக்கும். பறக்கும் பறவையின் கண்ணில் குவியம் தவறாமல் நிற்பது பெரும் நன்மை என்பதை மறுக்க இயலாது. ஆனால் கருவி அறிந்த சாதிகளே காணத்தக்கவை என்ற பழக்கம் கண்ணில் ஏறிவிடுவது அந்த நன்மைக்குக் கொடுக்கும் விலை. சேற்றில் தாவும் மீனுக்கும் நண்டின் வளைக்கும் கண்டல் வேருக்கும் கட்டம் வருவதில்லை. குவியத்தை அவ்வப்போது கையால் திருப்பி, கருவி பொருட்படுத்தாத ஒன்றின் மீது நிறுத்துவது, இந்தக் கேமராவைக் கையாள்வோர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டிய பயிற்சி.

பெயரிடுதலோடு கருவியின் முந்துதல் நிற்கவில்லை. 2016இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 முதலாகப் பல கேமராக்களில், பொத்தானை முழுதும் அழுத்துவதற்கு முன்னரே படங்கள் தற்காலிக நினைவகத்தில் சேரத் தொடங்கி, அழுத்திய பின் அந்த முற்கணங்களும் சேமிக்கப்படுகின்றன. பூநாரை எழும்பிப் பறக்கும் முதற்கணம், விரல் முடிவெடுக்குமுன்னரே பதிந்துவிடுகிறது. அப்படியாயின் அந்தப் படத்தை எடுத்தவர் யார்? செயலின் வேர் எண்ணத்தில் உள்ளது, எண்ணமே வினை என்பது புத்தரின் போதனை. எண்ணத்துக்கு முற்பட்ட படம் எவருடைய வினையும் அன்று என்று வாதிடுவோர் உண்டாகலாம். அந்த வாதம் பொருந்தாது. விரலைப் பாதி அழுத்திக் காத்திருந்தபோதே எண்ணம் பிறந்துவிட்டது. படத்தின் தகுதி, தகுதியின்மை இரண்டும் அந்தக் காத்திருப்பின் தன்மையையே சார்ந்தவை. பறவை தானே எழும்பும் வரை காத்திருந்தவருக்கும், எழும்ப வேண்டும் என்று கல்லெறிந்தோ கைதட்டியோ அதைக் கலைத்தவருக்கும் ஒரே மாதிரியான படம் கிடைக்கக்கூடும், வினை ஒன்றன்று. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, வேட்டை என்பதன் வரையறையில் காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி ஏந்தாதவரும் வேட்டையாளராகலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, கூட்டின் அருகே கிளையை விலக்கிப் படம் எடுப்பவர் தம்மை இயற்கை ஆர்வலர் என்று அழைத்துக்கொள்வது தகாது. பறவைப் படக்கலையும் பறவையியலும் துப்பாக்கியின் நிழலில் பிறந்தவை என்பதையும் நினைக்க வேண்டும். 1882இல் எட்டியென் ழூல் மாரே என்னும் பிரெஞ்சு அறிஞர் பறவைகளின் பறத்தலை ஆராய, நொடிக்கு 12 படம் எடுக்கும் கருவியைத் துப்பாக்கி வடிவிலேயே அமைத்தார். மும்பையின் பறவையியலாளர் சலீம் அலி சிறுவயதில் சுட்டுவீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் இனம் அறியவே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். சுட்டுப் பிடித்தால்தான் அறியலாம் என்ற நிலையிலிருந்து கண்டு அறியலாம் என்ற நிலைக்கு ஒரு துறையே நகர்ந்து வந்திருக்கிறது. கேமரா அந்த அறவழிப் பயணத்தின் துணைக்கருவி. தமிழிலும் எழுதிய மா. கிருஷ்ணன், தாமே இணைத்து அமைத்த கேமராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், பல நேரம் யானை மீதமர்ந்து காட்டுயிர்களைப் படமாக்கினார். நொடிக்கு 20 படம் எடுக்கும் வசதி அவருக்கு இருந்ததில்லை. விலங்கின் இயல்பை அறிந்து பொறுத்திருக்கும் அறிவு இருந்தது.

நீண்ட லென்ஸ் பறவைக்கு நீதி செய்தாலும் இடத்துக்கு அநீதி செய்யக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 600 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம் ஏறத்தாழ 4 பாகை. அந்தச் சிறு கீற்றுக்குள் செந்நிறப் பறவைகளும் வெள்ளிநிற நீரும் மட்டுமே அடங்கும்; புகைபோக்கியும் பாலமும் பழுதுபார்க்கக் கிடக்கும் கப்பல்களும் வெளியே நின்றுவிடும். நகரின் கழிவுநீர் கொண்டுவரும் சத்துகள் பாசியைப் பெருக்குவதும் பூநாரைகள் இங்கே குவியக் காரணமாகலாம் என்று பறவையியலாளர் கருதுகின்றனர். ஆனால் படத்தைக் காண்பவர், இது மாசுபடாத ஏரி என்று கருதிவிடுகிறார். கருதல் அளவைக்கு உயிர்நாடி, அவினாபாவம் எனப்படும் விட்டுப் பிரியாமை. நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை என்ற உறுதி இருந்தால்தான் புகை நெருப்புக்குச் சான்றாகும். பறவை இல்லாமல் பறவைப் படம் உண்டாகாது என்ற உறுதியின் மேல்தான் ஒளிப்படத்தின் மதிப்பு இதுகாறும் நின்றது. செயற்கை நுண்ணறிவால் இல்லாத பறவைக்கும் படம் ஆக்கலாம் என்ற பின் அந்த உறுதி உடைந்துவிட்டது. 2023இல் லைக்கா எம்11-பி கேமரா, படம் எங்கே எப்படி உண்டானது என்பதற்கான மின்கையொப்பத்தைப் படத்துடனேயே பதித்துத் தர முற்பட்டது இந்த முறிவுக்கான மறுமொழி. கையொப்பம் பறவை இருந்ததற்குச் சான்று கூறும். சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டவற்றுக்குச் சான்று கூறாது. ஆகவே சிவ்ரிக்குச் செல்பவர், குடும்பப் படங்களுக்கென்று வாங்கிய அகன்ற கோண லென்ஸையும் எடுத்துச் சென்று, பறவையையும் பாலத்தையும் ஆலையையும் ஒரே சட்டகத்தில் பதிவது உண்மைக்குச் செய்யும் கைம்மாறு. அழகில் குறைந்த அந்தப் படமே பிற்காலத்தில் இந்த ஈரநிலத்தின் வரலாற்றுக்கு அதிகம் பயன்படும்.

குடும்பத்தின் பக்கம் திரும்பும்போது நெறிகள் தலைகீழாகின்றன. பறவையிடம் காட்ட வேண்டிய மரியாதை தொலைவு. உறவினரிடம் காட்ட வேண்டியது அண்மை. இந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது ஓசையற்ற ஷட்டர். சேற்றுவெளியில் அது கருணை, ஏனெனில் பறவை அஞ்சுவதில்லை. வீட்டுக்குள் அதே வசதி, ஒருவர் அறியாமலேயே அவர் உருவை எடுத்துக்கொள்ளும் வழியாகிறது. அழுது வீங்கிய முகத்தோடு அமர்ந்திருக்கும் அத்தையும், உடை திருத்திக்கொள்ளும் அண்ணியும், நினைவு தடுமாறும் பாட்டியும் தாம் படமாவதை அறியவும் மறுக்கவும் உரிமையுடையவர்கள். ஷட்டரின் ஒலி அவர்களுக்கான அறிவிப்பு. வீட்டின் எல்.இ.டி., குழல் விளக்குகளின் கண்ணுக்குத் தெரியாத துடிப்பால் மின்னணு ஷட்டரில் எடுத்த படங்களில் கோடுகள் விழுவதுண்டு. எனவே வீட்டுக்குள் இயந்திர ஷட்டரைப் பயன்படுத்துமாறு தொழில்நுட்பமும் சொல்கிறது, அறமும் சொல்கிறது. லென்ஸும் அவ்வாறே. வடாலா, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் பழைய கட்டடங்களில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடுகளுக்கு, ஏபிஎஸ்-சி கேமராவில் 23 முதல் 35 மி.மீ. வரையிலான, எஃப் 1.8 அல்லது எஃப் 2 திறப்புள்ள ஒரு சிறு லென்ஸ் போதும். குறைந்த ஒளியிலும் ஃபிளாஷ் இன்றிப் படமெடுக்க அது உதவும். அதைவிட முக்கியமாக, எடுப்பவர் மூன்றடி, நான்கடிக்குள் வந்தாக வேண்டும். அந்தத் தொலைவில் பேச்சு இல்லாமல் படம் எடுக்க முடியாது. தொலைவிலிருந்து நீண்ட லென்ஸால் பிள்ளைகளை எடுத்து அதை இயல்பான படம் என்று பாராட்டும் வழக்கம், உறவினரைப் பறவைகளின் நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது.

சித்தியார் காட்சியை நான்காகப் பகுக்கிறது: புலன்வழி வரும் வாயிற்காட்சி, புலன் தந்ததை மனம் பின்னர் நினைந்து உணரும் மானதக் காட்சி, இன்ப துன்பங்களை உயிர் தன்னுள் உணரும் தன்வேதனைக் காட்சி, யோகிகளுக்கு உரிய யோகக் காட்சி. கேமரா முதலாவதற்கு மட்டுமே துணை. இரண்டாவதற்கு அது பொருள் தரலாம். மூன்றாவதை அது தொடவே முடியாது. மொட்டையடித்துக் காது குத்தும்போது அழுத குழந்தையின் நோவு படத்தில் இல்லை. அழுகையின் உருவமே உள்ளது. பல வீடுகளில் எப்போதும் படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இல்லாமல் போவதும், அவருடைய தன்வேதனைக் காட்சியிலும் அந்த விழா குறைந்து பதிவதும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டியவை. கேமரா கைமாற வேண்டும். சடங்கின் நடுக்கணத்தில் அது மேசையில் இருக்க வேண்டும். தமிழ்ச் சமய வாழ்வு இதற்கு முன்மாதிரி வைத்திருக்கிறது. கோயிலில் திருமேனிக்குக் கண் திறக்கும் சடங்கு, நயனோன்மீலனம் எனப்படுவது, தெய்வம் நம்மைக் காண்கிறது என்ற நம்பிக்கையின் மேல் அமைந்தது. தரிசனம் என்பது ஒருவழிப் பார்வை அன்று. கருவறை மூலவரைப் படம் எடுக்கலாகாது என்ற மரபின் உட்பொருளும் இதுவாகவே கொள்ளத் தகும்: எதிர்ப்பார்வையை ஏற்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே கருவி நிற்கக்கூடாது. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு ஆணையிட்டதை ஒழுங்குமுறையாக மட்டும் பார்ப்போர் இந்த உட்பொருளைத் தவறவிடுகின்றனர். அதே மரபு மறைந்த முன்னோரின் படத்துக்கு மாலையிட்டு அமாவாசையன்று முன்னே படையல் வைக்கிறது என்பது முரண்பாடு அன்று. எதிர்ப்பார்வை தர ஆளில்லாத இடத்தில்தான் படம் அந்த இடத்தை நிரப்புகிறது. பிறந்தநாளில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுள் என்றேனும் சுவரில் ஏறப்போவது ஒன்றே என்பதை நினைவில் கொண்டால், நொடிக்கு எத்தனை படம் என்ற கேள்வியின் எடை குறைந்துவிடும்.

சித்தியாருக்கு முதல்நூலான சிவஞான போதத்தின் பதினோராம் சூத்திரம், கண் தானே காண்பதில்லை, உயிர் கண்ணைக் காணச் செய்து தானும் உடன் காண்கிறது என்பதை உவமையாக்கி, அவ்வாறே உயிரைக் காணச் செய்து உடன் காண்பவன் இறைவன் என்று நிறுவுகிறது. உரையாசிரியர்கள் இதைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டாக வகுத்தனர். உயிருக்குக் காட்டிவிட்டு விலகாமல், உயிரோடு நின்று தானும் காண்பதே அருளின் இயல்பு. இந்த வகுப்பு கேமராவின் எல்லையைத் துல்லியமாகக் குறித்துவிடுகிறது. கேமரா காட்டும், காணாது. பறவையின் கண்ணில் கட்டம் வரையும் செயலிக்குப் பறவை இல்லை, கண்ணும் இல்லை. குழந்தைக்குப் பூநாரையைக் காட்டும் தாயோ தந்தையோ, காட்டிக்கொண்டே தாமும் காண்கின்றனர். குழந்தை கண்டு வியப்பதையும் காண்கின்றனர். அந்த இரண்டாவது உதவியைக் கருவியிடம் ஒப்படைக்க இயலாது, ஒப்படைக்க முயல்வதும் கூடாது. படத்தில் பிடித்துவிட்டோம், பிறகு வீட்டில் பெரிய திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர், காட்டும் கருவியைக் காணும் உயிராக மயங்குகிறார்.

ஆதலால் வடாலாவிலிருந்து முதன்முறை சிவ்ரிக்குப் புறப்படும் குடும்பம் கேமராவுக்கு முன் நல்ல பைனாகுலர் ஒன்றை வாங்க வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு விட்டம் கொண்ட வகை போதும். அதன் வழியே வருவது பறவையின் மேல் பட்ட அதே ஒளி. பாட்டியும் பேத்தியும் மாறி மாறிப் பார்க்கலாம். சேமிக்கவோ அனுப்பவோ எதுவும் இல்லாததால் கண்டதைச் சொல்லியே பகிர வேண்டியிருக்கும். ஒரு பூநாரைப் பருவம் முழுதும் அவ்வாறு கண்டு, ஓதத்தின் நேரமும் பறவையின் இயல்பும் பழகிய பின், இலகுவான ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் உடலொன்றும் 400 மி.மீ. வரை எட்டும் லென்ஸொன்றும் வீட்டுக்கு ஒரு சிறு லென்ஸும் வாங்கினால், அவை மூன்றும் பத்தாண்டுக்குப் போதும். கேமரா வாங்குவது பைனாகுலருக்குப் பின் வரவேண்டிய செலவு.